பழைய கணினியும் பாதுகாக்க வேண்டிய கோப்பும்

மதுரைக்கு மேற்கே, கீழக்குயில்குடியில் சமணர் மலை அமைந்துள்ளது. அங்குள்ள செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் தீர்த்தங்கரர் சிற்பங்களையும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளையும் காணலாம். ஆயிரம் ஆண்டுகளைக் கடந்தும் எழுத்து பாறையில் நிற்கிறது. ஆயினும், வட்டெழுத்தைக் கற்றவரே அதனைப் படிக்க இயலும். எழுத்து இருப்பது வேறு. அதைப் படிக்கும் வழி இருப்பது வேறு. இவ்வேறுபாடு நம் வீட்டுக் கணினிக்கும் பொருந்தும்.

மலையடிவாரத்தில் ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அண்ணன் பெற்ற கணினி, இப்போது தங்கையின் கைக்கு வந்துள்ளது. தாத்தா சொல்லச் சொல்ல அண்ணன் தட்டச்சு செய்த குடும்ப வரலாறு அதில் ஒரு கோப்பாக இருக்கிறது. தங்கை புதிய மென்பொருள் ஒன்றை நிறுவ முயல்கிறாள், பிழைச்செய்தி தோன்றுகிறது. பழையவற்றை நீக்கி இடம் உண்டாக்க நினைக்கிறாள். அவள் முதலில் செய்ய வேண்டியது என்ன?

படியெடுத்தலே முதற்பணி

மென்பொருளை மீண்டும் பெறலாம். தாத்தாவின் சொற்களை மீண்டும் பெற இயலாது. ஆகவே, நிறுவும் முன்பும் நீக்கும் முன்பும் நம் கோப்புகளைப் பென் டிரைவிலோ வேறு கணினியிலோ படியெடுத்து, அப்படி திறக்கிறதா என்றும் சோதிக்க வேண்டும். விண்டோஸில் மீட்புப் புள்ளி ஒன்றை உருவாக்கிக்கொண்டால், கணினியின் அமைப்புகளை முந்தைய நிலைக்குக் கொண்டுவரலாம். ஆனால், அழிந்த சொந்தக் கோப்புகளை அது மீட்டுத் தராது.

நிறுவுதல் தடைப்படுவது ஏன்?

பிழைச்செய்தியை மூடிவிடாமல், அதிலுள்ள சொற்களையும் எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர்க் காரணங்களை ஒவ்வொன்றாக ஆராய வேண்டும்.

முதலாவது, இடம். நிறுவும்போது தற்காலிகக் கோப்புகளும் உருவாவதால், மென்பொருளின் அளவைவிடக் கூடுதலான இடம் வன்தட்டில் தேவைப்படும்.

இரண்டாவது, கணினியின் அமைப்பு. 64 பிட் மென்பொருளை 32 பிட் இயங்குதளம் ஏற்காது. 32 பிட் முகவரிகளைக் கொண்டு ஏறத்தாழ 429 கோடி பைட்டுகளை, அதாவது 4 ஜிபி நினைவகத்தையே குறிக்க முடியும்.

மூன்றாவது, இயங்குதளத்தின் வயது. விண்டோஸ் 7க்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று முடிந்தது. புதிய மென்பொருள்கள் பல அதில் இயங்குவதில்லை. அத்தகைய கணினிக்கு எளிய லினக்ஸ் வகையொன்று பொருத்தமாகலாம்.

நான்காவது, பலரும் எண்ணிப் பாராத காரணம்: நாட்காட்டி. கணினியை அணைத்த பின்னும் நேரத்தைக் காக்கும் சிறு மின்கலம் வலுவிழந்தால், தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிடும். அப்போது இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தோன்றிப் பதிவிறக்கம் தடைப்படும். தேதியைத் திருத்தினாலே சில சிக்கல்கள் தீரும். மீண்டும் மாறினால் மின்கலத்தை மாற்ற வேண்டும்.

ஒரே நேரத்தில் பல மாற்றங்களைச் செய்தல் கூடாது. ஒன்றை மாற்றிச் சோதித்த பின்னரே அடுத்ததற்குச் செல்ல வேண்டும். அவ்வாறன்றேல், எதனால் சிக்கல் தீர்ந்தது என்பதை அறிய இயலாது.

நீக்குதல் என்பது அழித்தல் அன்று

மென்பொருள் ஒரே கோப்புறையில் மட்டும் தங்குவதில்லை. அதன் குறிப்புகள் இயங்குதளத்தின் பதிவேட்டிலும், அதன் துணைக்கோப்புகள் வேறிடங்களிலும் இருக்கும். கோப்புறையை மட்டும் அழித்தால், வேரை விட்டுக் கிளையை வெட்டியது போலாகும். கட்டுப்பாட்டகத்தில் உள்ள நிரல் பட்டியலின் வழியாகவே நீக்க வேண்டும். நீக்கும் நிரலே பழுதுபட்டிருந்தால், அதே மென்பொருளின் அதே பதிப்பை மறுபடியும் நிறுவி, பிறகு முறைப்படி நீக்குவது பெரும்பாலும் பயன் தரும். பெயர் தெரியாத எதனையும் தேவையற்றது எனக் கருதி நீக்குதல் கூடாது. வேறொரு மென்பொருள் அதனைச் சார்ந்திருக்கலாம்.

எழுத்துருவும் குறியேற்றமும்

தமிழர்க்கு இங்கே தனிக்கவனம் தேவை. ஒருங்குறி பரவுவதற்கு முன், தமிழ்க் கோப்புகள் பல்வேறு குறியேற்றங்களில் எழுதப்பட்டன. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டையொட்டித் தாம், தாப் என்னும் குறியேற்றங்களும் தமிழ் 99 விசைப்பலகையும் தரப்படுத்தப்பட்டன. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றது. பழைய குறியேற்றங்களில் தமிழ் எழுத்துகள் பிற எழுத்துகளுக்குரிய எண்களில் அமர்ந்திருந்தன. எனவே, உரிய எழுத்துருவை நீக்கினால், கோப்பு அழியாது. ஆனால், தமிழ் மறைந்து பொருளற்ற குறிகள் தோன்றும்.

தங்கையின் கணினியில் உள்ள குடும்ப வரலாறு இவ்வகைக் கோப்பாயின், எழுத்துருவை நீக்கும் முன்பே குறியேற்ற மாற்றியைக் கொண்டு அதை ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். மாற்றிய படியை மூலத்துடன் வரிவரியாக ஒப்பிட வேண்டும். ஏற்கெனவே நீக்கிவிட்டாலும் கலங்க வேண்டியதில்லை. அதே எழுத்துருவை மீண்டும் நிறுவினால் எழுத்துகள் திரும்பத் தெரியும். குறிகளைக் குப்பையென்று எண்ணிக் கோப்பை அழிப்பதே மீளாத இழப்பு.

கல்லில் வெட்டியவர் காலத்தை வென்றார். அதனைப் படிக்கக் கற்றவர் அவர்தம் சொல்லை நம்மிடம் சேர்த்தார். நம் வீட்டுக் கோப்புகளுக்கு அவ்விரு பணிகளையும் நாமே செய்ய வேண்டும். கணினி பழையதாகலாம்; அதிலுள்ள சொல் நம்மோடு முடிந்துவிடலாகாது.