கையில் குடு தம்பி

பெட்டிக்குப் பத்துத் தாள். அதில் ஐந்து வீண். ஒரு தாளின் விலை கிட்டத்தட்ட ஒரு மதியச் சாப்பாடு. சந்தாபுராவில் எங்கள் மாடியில் இந்த விரயம் நடந்ததற்குக் காரணம் பக்கத்து வீட்டுப் பாட்டி. மகன் வீட்டை விட்டு ஊருக்கே திரும்புகிறார். "செல்போன்ல இருக்குன்னு சொல்லாத. கையில குடு தம்பி" என்பது அவர் கட்டளை.

கேமரா ஹோல்கா. 1982இல் ஹாங்காங்கில் பிறந்தது; உடம்பு முழுக்க பிளாஸ்டிக். 120 ரோல் பிலிமுக்கான இதில் இன்ஸ்டாக்ஸ் மினி தாளை வைத்தேன். போலராய்டு ஏன் இல்லை? அதில் ஒளி விழும் பக்கமே படமும் தெரியும். கண்ணாடி வைத்துத் திருப்பாவிட்டால் இடம் வலமாகும். இன்ஸ்டாக்ஸ் பின்பக்கம் ஒளி வாங்கி முன்பக்கம் படம் காட்டும். கண்ணாடி வேண்டாம்.

தாளைக் கேமராவின் முதுகுக்கு வெளியே ஒட்டினேன். தூரத்து முகங்கள் கலங்கின. பழைய பிலிம் இருந்த இடத்திலேயே வைக்க, உட்சட்டத்தை அறுக்க வேண்டியதாயிற்று. பிறகு வெயில். தாளின் வேகம் ஐ.எஸ்.ஓ. 800, ஷட்டரோ மந்தம். எல்லாம் வெள்ளை!

ஆறாவது, மாலை ஆறு மணி நிழலில். எடுத்தால் போதாது, தாளின் ஓரத்து ரசாயனப் பையை உருளைகள் நசுக்கினால்தான் படம். கருப்புப் பைக்குள் கைவிட்டுத் தாளைக் காலிப் பெட்டிக்கு மாற்றி, பழைய இன்ஸ்டாக்ஸ் கேமராவில் போட்டு, லென்ஸை மறைத்து அமுக்கினேன்.

பாட்டி வந்தார், மெல்ல, தாளுக்குள்ளிருந்து.

"மூலையெல்லாம் இருட்டா இருக்கே" என்றார். மடியில் செருகிக்கொண்டு, "தங்கச்சிக்கு ஒண்ணு எடு."

மிச்சம் நான்கு.