வலைத்தள மாற்றமும் அஞ்சற் பாதுகாப்பும்

பெயரும் ஊரும் எழுதிய கடிதம் உரியவர் கையைச் சேர்வதற்கு, அவ்வூர் எங்குளது, அதற்குரிய தபாற்கந்தோர் எது என்பவற்றை அறிந்தவர் இடையே இருத்தல் வேண்டும். இணைய உலகிலும் இந்நியதி மாறவில்லை. இன்று மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலுமுள்ள கல்லூரிகள், ஆலய பரிபாலன சபைகள், பழைய மாணவர் சங்கங்கள் ஆகியவற்றுட் பல தமக்கெனப் பெயரொன்றைப் பதிந்து, அப்பெயரில் வலைத்தளமும் மின்னஞ்சலும் நடாத்துகின்றன. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் பழைய மாணவர் சான்றிதழ் வேண்டியோ, கட்டட நிதிக்குப் பணம் அனுப்பியதை அறிவித்தோ எழுதும் மடல்கள் அம்முகவரிக்கே வருகின்றன. வலைத்தளத்தை ஒரு நிறுவனத்தின் சேவையகத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுங்கால், தளம் செவ்வனே தோன்ற, அஞ்சல் மாத்திரம் ஓசையின்றி நின்றுபோதல் உண்டு. அதன் காரணத்தையும் அதனைத் தவிர்க்கும் முறையையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இணையத்தின் தொடக்ககாலத்திற் கணினிகளின் பெயர்களும் எண்முகவரிகளும் ஒரே கோப்பில் எழுதப்பட்டு, கலிபோர்ணியாவிலுள்ள ஸ்ரான்போட் ஆராய்ச்சி நிலையத்திற் பேணப்பட்டன. கணினிகள் பெருகவே, ஓரேடு அப்பணிக்குப் போதாதாயிற்று. 1983 ஆம் ஆண்டிற் போல் மொக்கபெட்றிஸ் என்பார் பெயரேட்டைப் பல கிளைகளாகப் பிரித்து, ஒவ்வொரு கிளையையும் அதற்குரியாரிடமே ஒப்படைக்கும் முறையை வகுத்தார். டி.என்.எஸ். எனப்படும் ஆள்களப் பெயர் முறைமை அதுவே. இம்முறையில் எல்.கே. என்னும் கிளை 1990 இல் இலங்கைக்கு உரியதாயிற்று. ‘இலங்கை’ என்று தமிழெழுத்திலேயே முடியும் பெயர்க்கிளை 2010 இல் ஏற்பட்டது.

ஈண்டு முதற்கண் தெளியவேண்டியது யாதெனின், பெயர்ப்பதிவு, பெயரேடு, வலைத்தளம், அஞ்சற்பெட்டி என்னும் நான்கும் வெவ்வேறானவை என்பதாம். நான்கும் ஒரே நிறுவனத்திடம் இருத்தலுங் கூடும். நான்கு நிறுவனங்களிடம் இருத்தலுங் கூடும். பெயரேடு பிழைபடின், ஏனையவை நலமாயிருந்தும் பயனில்லை. 2021 பெப்ரவரி 6 ஆம் நாள், எல்.கே. என முடியும் சில பெயர்களைத் தேடியோர் வேறொரு பக்கத்திற்குத் திருப்பப்பட்டனர். கூகிளின் இலங்கைப் பெயரும் அவற்றுள் ஒன்று. சென்றடைய வேண்டிய தளங்கள் கெடவில்லை. அவற்றுக்கு வழிகாட்டும் ஏடே மாற்றப்பட்டிருந்தது.

இனி, அவ்வேட்டின் வரிகளை நோக்குவோம். ‘ஏ’ எனப்படும் பதிவு வலைத்தளம் இருக்குங் கணினியின் எண்முகவரியைக் கூறும். ‘எம்.எக்ஸ்.’ எனப்படும் பதிவு அப்பெயருக்கு வரும் மடல்களை ஏற்குஞ் சேவையகத்தைக் கூறும். அதுவே நமது உவமையில் தபாற்கந்தோர். எம்.எக்ஸ். பதிவு இல்லையாயின், மடலனுப்புங் கணினி ‘ஏ’ பதிவு காட்டும் இடத்தையே நாடும். இவற்றின் வேறாக, அப்பெயரால் மடலனுப்ப உரிமையுடைய சேவையகங்கள் இவை எனக் காட்டும் எஸ்.பி.எவ்., மடலின் முத்திரையைச் சரிபார்க்க உதவும் டிகிம், இவ்விரு சோதனைகளிலுந் தவறிய மடலை என்செய்வது என உரைக்கும் டிமார்க் என்னும் எழுத்துப்பதிவுகள் உள. நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புவோர் இம்மூன்றையும் உடையராதல் வேண்டுமென 2024 பெப்ரவரி முதற் கூகிள் விதித்துள்ளது. சிறிய அளவில் அனுப்புவோரும் எஸ்.பி.எவ்., டிகிம் என்பவற்றுள் ஒன்றேனும் உடையராதல் வேண்டும்.

அஞ்சல் நின்றுபோதற்குக் காரணம் இப்பொழுது புலனாகும். புதிய நிறுவனம் பெயரேட்டையுந் தன்னிடம் மாற்றச் சொல்கின்றது, நாமும் மாற்றுகின்றோம். அதன் ஏட்டில் வலைத்தளத்தின் வரி செம்மையாக இருக்கும். எம்.எக்ஸ். வரியோ பல வேளைகளில் அப்புதிய சேவையகத்தையே சுட்டும். அங்கு நம் அதிபரின் பெயரிலோ செயலாளரின் பெயரிலோ பெட்டி இல்லை. சேவையகம் மடலை மறுத்துத் திருப்பும். அன்றி, பெட்டி புதிதாக அமைக்கப்பட்டிருப்பின், எவரும் திறந்து பாராத அவ்விடத்தில் மடல்கள் குவியும். இதில் நுட்பமொன்றுண்டு. அஞ்சற் சேவையகம் சில மணிநேரம் இயங்காதிருப்பின், அனுப்பிய கணினி மடலை வைத்திருந்து மீண்டும் மீண்டும் முயலும். நான்கைந்து நாளேனும் அங்ஙனம் முயலவேண்டுமென்பது அஞ்சல் நெறிமுறையின் அறிவுரை. “இப்பெயரினர் இங்கில்லை” என்ற முடிந்த மறுமொழி கிடைத்தாலோ அது மீண்டும் முயலாது. ஆதலால் மூடியிருக்குங் கதவினுந் தவறான கதவே பெருங்கேடு விளைப்பதாம்.

இக்கேட்டைத் தவிர்க்கும் நெறிக்கு நம் ஊரிலேயே எடுத்துக்காட்டு உண்டு. கல்லடியில் 1924 இல் அமைந்த லேடி மனிங் பாலத்தின் அருகே புதிய பாலமொன்று கட்டப்பட்டு 2013 இல் திறக்கப்பட்டது. புதியது வாகனங்களைத் தாங்கும்வரை பழையதே தாங்கியது. இரண்டும் இன்றும் அருகருகே நிற்கின்றன. வலைத்தள மாற்றமும் அவ்வாறே நிகழ்தல் வேண்டும்.

முதலாவதாக, பழைய ஏட்டின் எல்லா வரிகளையும் ஒன்றும் விடாது படியெடுத்தல் வேண்டும். இரண்டாவதாக, ஏட்டை மாற்றுதல் இன்றியமையாததா என ஆராய்தல் வேண்டும். அஞ்சல் வேறிடத்தில் இருக்குமாயின், பழைய ஏட்டிலேயே ‘ஏ’ பதிவை மாத்திரம் திருத்துதல் பெரும்பாலும் போதும். மூன்றாவதாக, ஒவ்வொரு வரியையும் பிறர் எத்தனை செக்கன் நினைவில் வைத்திருக்கலாமென்னும் எண் ஏட்டிலேயே உண்டு. அது 86,400 ஆயின், திருத்தத்தின் பின்னும் ஒருநாள்வரை பழைய விடையே சிலருக்குக் கிடைக்கும். ஆகவே மாற்றத்திற்கு இரண்டொரு நாள் முன்னதாகவே அதனை 300 ஆகக் குறைத்தல் நன்று. நான்காவதாக, ஏட்டையே மாற்ற நேரின், படியெடுத்த வரிகளைப் புதிய ஏட்டில் முன்னரே எழுதி ஒப்புநோக்கிய பின்னரே மாற்றுதல் வேண்டும். ஏடு யாரிடம் உள்ளதென்ற செய்தி மேற்கிளையில் இருப்பது. ‘கொம்’ கிளையில் அதன் நினைவுக்காலம் 1,72,800 செக்கன், அஃதாவது இரண்டு நாள். அதனை நாம் குறைத்தல் இயலாது. எனவே அக்காலத்தில் இரண்டு ஏடுகளும் ஒரே விடையைத் தருவனவாக இருத்தல் வேண்டும். ஐந்தாவதாக, அஞ்சற்பெட்டிகள் பழைய சேவையகத்திலேயே இருந்தனவாயின், பழைய மடல்களையும் படியெடுத்த பின்னரே அக்கணக்கை மூடலாம்.

இவை யாவற்றுக்கும் மேலானது உரிமை பற்றிய வினா. பெயர் யாருடைய பெயரிற் பதியப்பட்டுள்ளது? கடவுச்சொல் யாரிடம் உள்ளது? ஆர்வமுள்ள இளைஞரொருவர் தம் சொந்த முகவரியைக் கொடுத்துப் பதிந்து, பின்னர்க் கடல்கடந்து செல்வாராயின், நிறுவனம் தன் பெயருக்கே அயலாகிவிடும். அப்பெயருக்குரிய மின்னஞ்சலையே தொடர்பு முகவரியாகக் கொடுத்தலும் தவறு. அஞ்சல் நின்ற நாளில் அதனை மீட்கும் மடலும் வாராது. பதிவு நிறுவனத்தின் பெயரில் இருத்தலும், புதுப்பிக்குந் திகதி ஆண்டறிக்கையில் இடம்பெறுதலும், ஏட்டின் படியொன்று கந்தோரிற் பேணப்படுதலும் வேண்டும். பொறியறிவு பெரிதும் வேண்டாத இச்சிறு பணிகளைச் செய்யும் நிறுவனமே, நெடுநாட் பிரிந்திருந்த பழைய மாணவன் ஒருநாள் எழுதும் மடலுக்கு மறுமொழி கூற வல்லதாகும்.