இயங்குதளத்தை மீண்டும் நிறுவிய பின் உலாவியைப் புதுப்பிக்கும் முறை

ஹைதராபாத் நகரின் கிழக்குப் பகுதியிலுள்ள நாச்சாரம் தொழிற்பேட்டைக்குப் பெயர் பெற்ற இடம். அதற்குச் சற்றுத் தொலைவில் எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பொரேஷன் ஆஃப் இந்தியா என்னும் மத்திய அரசு நிறுவனம் 1967-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. இந்தியாவில் உருவான முற்காலக் கணினிகளுள் ஒன்றாகிய டி.டி.சி. 12 அந்நிறுவனத்திலிருந்து 1969-இல் வெளிவந்தது. இணையம் என்பதே இல்லாத காலம் அது. அக்கணினியின் கட்டளைகளை அழித்துப் புதிதாக ஏற்றுவது அறைக்குள்ளேயே தொடங்கி அறைக்குள்ளேயே முடியும் வேலையாக இருந்தது.

இன்று நிலைமை முற்றிலும் வேறு. கிராமப் பள்ளியின் கணினியும், கள அலுவலரின் மடிக்கணினியும் உலகம் முழுவதோடும் இணைந்துள்ளன. பழுதுற்ற கணினியைச் சீர்செய்யும்பொருட்டு இயங்குதளத்தை அழித்து மீண்டும் நிறுவுதல் அடிக்கடி நிகழ்கிறது. நிறுவி முடிந்ததும் வேலை முடிந்துவிட்டதென்று பலரும் கருதுகின்றனர். உண்மையில், கணினி மிகவும் பலவீனமாக இருப்பது அந்த வேளையிலேதான். மாணவர் மதிப்பெண்கள், களக் குறிப்புகள், சம்பளக் கணக்கு ஆகிய யாவும் அதே கணினியின் வழியாகச் செல்வதால் இதனை அற்ப விஷயமென்று தள்ளிவிடுதல் தகாது.

பழைய தகட்டின் குறை

இயங்குதளம் பதிந்த தகடு தயாரான நாளுக்குப் பின்னர் கண்டுபிடிக்கப்பட்ட குறைகளும், அவற்றுக்கான திருத்தங்களும் அத்தகட்டில் இரா. ஆகவே பழைய தகட்டிலிருந்து நிறுவும்போது, முன்னர் அடைக்கப்பட்ட ஓட்டைகள் அனைத்தும் மறுபடி திறந்துகொள்கின்றன.

2003-ஆம் ஆண்டு ஆகஸ்டில் பரவிய பிளாஸ்டர் என்னும் கணினிப்புழு இதற்குத் தக்க உதாரணம். விண்டோஸ் எக்ஸ்.பி. இயங்குதளத்தில் இருந்த ஒரு குறைக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஜூலையிலேயே திருத்தம் வெளியிட்டிருந்தது. எனினும் பழைய தகட்டிலிருந்து புதிதாக நிறுவிய கணினியை, அத்திருத்தத்தைப் பெறுவதற்காக இணையத்தில் இணைத்தவுடனேயே புழு நுழைந்துவிடக்கூடியதாயிருந்தது. பயன்படுத்துபவர் எதையும் திறக்கவோ சொடுக்கவோ தேவையில்லை. வெளித்தொடர்பைத் தடுக்கும் தீயரண், அவ்வியங்குதளத்தில் தானாகவே செயற்படத் தொடங்கியது 2004 ஆகஸ்டில் வந்த இரண்டாம் திருத்தத் தொகுப்பிற்குப் பின்னரே.

சான்றிதழும் காலமும்

உலாவி ஓர் இணையதளத்தை அணுகும்போது, அது உண்மையான தளந்தானா என்பதை ஒரு மின்னணுச் சான்றிதழைக் கொண்டு சோதிக்கிறது. எந்தச் சான்றளிப்போரை நம்பலாம் என்னும் பட்டியல் இயங்குதளத்திலோ உலாவியிலோ அடங்கியிருக்கும். அப்பட்டியல் பழையதாயின் இருவகைத் தீங்கு விளையும்.

முதலாவது, நம்பத்தகாததை நம்புதல். 2014 ஜூலையில், இந்தியாவின் தேசிய தகவலியல் மையத்தின் சான்றளிப்பு அமைப்பிலிருந்து கூகுள் தளங்களின் பெயரில் அனுமதியற்ற சான்றிதழ்கள் வெளிவந்திருப்பது கண்டறியப்பட்டது. இந்தியச் சான்றளிப்பு அதிகாரிகளின் கட்டுப்பாட்டாளர் அம்மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்களை உடனே ரத்துச் செய்தார். மைக்ரோசாஃப்டும் தன் நம்பிக்கைப் பட்டியலைத் திருத்தியது. அதற்கு முன் தயாரான தகட்டில் இத்திருத்தம் இராது.

இரண்டாவது, நம்பத்தக்கதை மறுத்தல். 2021 செப்டம்பர் 30 அன்று ஒரு பழைய மூலச் சான்றிதழ் காலாவதியானபோது, புதிய மூலச் சான்றிதழை அறியாத பழைய கணினிகள் பல நல்ல தளங்களையும் ஏற்க மறுத்தன.

தாய்ப்பலகையிலுள்ள சிறு மின்கலம் தீர்ந்துபோனால் கணினியின் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னுக்குச் சென்றுவிடும். ஒவ்வொரு சான்றிதழுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டாதலால், தேதி தவறினால் எல்லாச் சான்றிதழ்களும் செல்லாதவையாகத் தோன்றும். இந்நிலையில் எச்சரிக்கையைப் புறக்கணித்து மேலே செல்வது தவறு. தேதியைத் திருத்துவதும், மின்கலத்தை மாற்றுவதுமே சரியான பரிகாரம்.

கைக்கொள்ளத்தக்க முறை

1. அழிப்பதற்கு முன், கோப்புகளையும் உலாவியின் புத்தகக்குறிகளையும் வேறோர் இடத்தில் படியெடுத்து வைக்கவும்.

2. இயங்குதளத்தை அதனைத் தயாரித்தவரிடமிருந்தே பெற்று நிறுவவும். பின்னர் தேதி, நேரம், தீயரண் ஆகியவற்றைச் சரிபார்க்கவும்.

3. பிற தளங்கள் எதையும் நாடுமுன், இயங்குதளத்தின் திருத்தங்கள் அனைத்தையும் அதன் சொந்தப் புதுப்பிப்பு வசதியின் வழியே பெறவும்.

4. அதன்பின் உலாவியைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து பெறவும். முகவரியைத் தாமே தட்டச்சு செய்தல் நலம்; தேடுபொறியின் விளம்பரங்கள் போலித் தளங்களுக்கு இட்டுச்செல்லக்கூடும். விண்டோஸில், பெற்ற கோப்பின் பண்புகளைத் திறந்தால் மின்னணுக் கையொப்பம் தெரியும். அதில் தயாரிப்பாளரின் பெயர் உள்ளதாவெனக் காணவும். சி-டாக் வெளியிடும் பாஸ் போன்ற லினக்ஸ் வகைகளில், அவற்றுக்குரிய மென்பொருள் களஞ்சியத்திலிருந்தே உலாவியைப் பெறலாம். கையொப்பச் சோதனை அங்குத் தானாகவே நடைபெறும்.

5. உலாவியின் அறிமுகப் பக்கத்தில் பதிப்பு எண்ணைப் பார்த்து, மீண்டும் ஒருமுறை தொடங்கவும். கடவுச்சொற்களை இடுவதும் வங்கிக் கணக்கைத் திறப்பதும் இதற்குப் பின்னரே.

ஏதேனும் ஒரு தளத்தைப் பார்க்கும்போது, உலாவி பழையதாகிவிட்டது, இங்கே சொடுக்குக என்று தோன்றும் அறிவிப்பை நம்பலாகாது. உண்மையான புதுப்பிப்பு உலாவியின் உள்ளிருந்தே வரும்.

மற்றொன்றும் நினைவிற்கொள்ளத் தக்கது. இயங்குதளம் காலங்கடந்ததாயின் உலாவியையும் ஓரளவுக்கு மேல் புதுப்பிக்க இயலாது. விண்டோஸ் 7-இல் இயங்கும் கடைசிக் குரோம் பதிப்பு 109. அது 2023-இல் வெளிவந்தது. விண்டோஸ் 10-க்குரிய பொதுவான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. பழைய கணினிகளை வைத்திருக்கும் பள்ளிகள், அவற்றுக்கேற்ற லினக்ஸ் வகையொன்றை நிறுவுதல் பற்றி ஆலோசிக்கலாம்.

இம்முறைக்குக் கூடுதலாகச் செலவாவது சிறிது நேரமே. ஆசிரியர்கள் இதனை மாணவர் முன்னிலையிலேயே செய்து காட்டினால், ஒவ்வொரு படியும் ஏன் அவ்வரிசையில் அமைந்தது என்பதை அவர்களும் நேரிற் கண்டு அறிந்துகொள்வர்.