பழைய மேசைக்கணனியும் புதிய விண்டோஸும்
பணம் கொடுக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் ‘விண்டோஸ் 10’ கணனிகளுக்கு மைக்ரோசொப்ட் நிறுவனம் வழக்கமாக வழங்கிவந்த இலவசப் பாதுகாப்புப் பராமரிப்பு முடிவுக்கு வந்தது. அதற்கு ஆறு வாரங்களின் பின், நவம்பர் மாத இறுதியில், டித்வா புயலும் மண்சரிவுகளும் எமது மலையகத்தைப் புரட்டிப்போட்டன. இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கக்கூடும். புதிய விண்டோஸை ஏற்க மறுக்கும் கணனிகளை நகரத்து அலுவலகங்கள் கழித்துவிடுகின்றன. அவற்றில் சில, இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்கு உதவட்டும் என்ற நல்லெண்ணத்துடன் முன்பள்ளிகளுக்கும் மாலை வகுப்புகளுக்கும் வந்து சேருகின்றன. வாங்கி வைத்தவர்கள் அதை என்ன செய்வது என்று தெரியாமல் திகைக்கிறார்கள்.

மரக்கறித் தோட்டம் மண்ணோடு போய், உறவினர் வீட்டிலோ தற்காலிகக் கொட்டிலிலோ இருக்கும் குடும்பத்துக்குக் கணனி எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. முதலில் கூரை, பிறகு விதைக்கிழங்கு. மற்றவை அதன் பிறகுதான். ஆனாலும் க.பொ.த. பரீட்சைப் பெறுபேறுகளைப் பிள்ளைகள் பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளத்தில்தான் தேடிப் பார்க்கிறார்கள். கல்வி அமைச்சின் ‘ஈ-தக்சலாவ’ தளத்தில் தமிழ்மொழிப் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. சேற்றில் போன பிறப்புச் சான்றிதழுக்கும் காணிப் பத்திரத்துக்கும் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. கைத்தொலைபேசியில் படம் அனுப்பலாம். இரண்டு பக்க முறைப்பாட்டைத் திருத்தமாக எழுதி அச்செடுப்பது அதில் கடினம்.

இந்த நிலையில்தான் “சில ஆயிரம் ரூபாய் கொடுங்கள், இதிலேயே விண்டோஸ் 11 போட்டுத் தருகிறோம்” என்ற பேச்சு வருகிறது. அந்தப் பணம் ஒரு குடும்பத்தின் உரச் செலவாக இருக்கலாம். ஆகவே இந்த விடயத்தைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

பராமரிப்பு நின்றால் என்ன நடக்கும்?

பாடப்புத்தகத்தில் ‘பணிசெயல் முறைமை’ என்று பிள்ளைகள் படிப்பது, விண்டோஸ் போன்ற அடிப்படை மென்பொருளைத்தான். விசையைத் தட்டினால் எழுத்து வருவதும், படத்தைச் சேமிப்பதும், இணையத்துக்குப் போவதும் எல்லாம் அதன் மூலமாகவே நடைபெறுகின்றன. பராமரிப்பு நின்ற மறுநாள் கணனி அணைந்துவிடாது. முன்போலவே வேலை செய்யும். அதுதான் ஏமாற்றுவது.

தோட்டத்து வேலியை எண்ணிப் பாருங்கள். காட்டுப்பன்றி ஓரிடத்தில் ஓட்டை போட்டால் மறுநாள் போய் அடைக்கிறோம். வேலியைப் பார்க்க ஆளில்லாவிட்டால் வேலி உடனே விழுவதில்லை. ஒவ்வொரு ஓட்டையும் அப்படியே நிற்கும், அவ்வளவுதான். 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் ‘வன்னாகிரை’ என்ற தீங்கு மென்பொருள் 150 வரையான நாடுகளில் கணனிகளை முடக்கிப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் அரச வைத்தியசாலைகளில் சிகிச்சைகள்கூடத் தடைப்பட்டன. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளிவந்திருந்தது. அதைப் போட்டுக்கொள்ளாத கணனிகளும், பராமரிப்பு முடிந்ததால் திருத்தமே கிடைக்காத கணனிகளும்தான் அகப்பட்டன.

இணைய உலாவியும் ஒருநாள் கைவிடும். விண்டோஸ் 7 கணனிகளுக்கு ‘குரோம்’ உலாவியின் புதிய பதிப்புகள் 2023 தொடக்கத்துடன் நின்றன. காலம் செல்லச் செல்ல வங்கித் தளங்களும் அரச தளங்களும் அவற்றில் ஒழுங்காகத் திறப்பதில்லை.

விண்டோஸ் 10 பாவிப்போருக்கு 2026 ஒக்டோபர் 13 வரை ஓராண்டு நீட்டிப்பு அறிவிக்கப்பட்டது. மைக்ரோசொப்ட் கணக்கொன்றைத் திறந்து கணனியின் அமைப்புகளை அதில் சேமித்தால் இலவசம். இல்லாவிட்டால் 30 அமெரிக்க டொலர். இது தவணை கேட்பது போன்றதே.

விண்டோஸ் 11 ஏன் மறுக்கிறது?

2021 ஒக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11, நான்கு கிகாபைற் நினைவகமும் 64 கிகாபைற் சேமிப்பிடமும் கேட்கிறது. அவை பழைய கணனிகளிலும் இருக்கும். சிக்கல் வேறு இரண்டில். ஒன்று, ‘டி.பி.எம். 2.0’ எனப்படும் பாதுகாப்புச் சில்லு. மற்றது, மைக்ரோசொப்ட் அங்கீகரித்த பட்டியலில் உள்ள மூளைச்சில்லு. இன்டெல் வகையில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையுமே அப்பட்டியலில் உண்டு. எட்டாம் தலைமுறை வெளிவரத் தொடங்கியது 2017இல்.

உங்கள் கணனி எத்தனையாம் தலைமுறை என்று அறிவது எளிது. பெட்டியின் முகப்பில் ஒட்டியுள்ள வில்லையை நம்ப வேண்டாம், உள்ளே மாற்றியிருப்பார்கள். விண்டோஸின் அமைப்புகளில் ‘சிஸ்டம்’, அதற்குள் ‘எபௌட்’ என்ற பக்கத்தைத் திறந்தால் ‘ஐ5-4590’ என்பது போல ஒரு பெயர் தெரியும். சிறுகோட்டுக்கு அடுத்த இலக்கம் 4 என்றால் நான்காம் தலைமுறை. ‘ஐ5-8400’ என்றால் எட்டாம் தலைமுறை. ‘ஐ5-10400’ என்பதுபோல் ஐந்து இலக்கங்கள் இருந்தால் முதல் இரண்டையும் சேர்த்துப் பத்து என்று கொள்க.

எட்டோ அதற்கு மேலோ ஆயிருந்தும் விண்டோஸ் 11 மறுத்தால், அநேகமாக டி.பி.எம். வசதி அணைக்கப்பட்டிருக்கும். கணனி தொடங்கும்போது வரும் ‘பயோஸ்’ அமைப்பில் அதை இயக்கிவிட்டால் போதும். இன்டெல் கணனிகளில் அதற்கு ‘பி.டி.டி.’ என்றும், ஏ.எம்.டி. கணனிகளில் ‘எப்.டி.பி.எம்.’ என்றும் பெயர். ஐந்து நிமிட வேலை. இதற்காகப் புதுக் கணனி வாங்கச் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

குறுக்கு வழி

பட்டியலில் இல்லாத கணனியிலும் விண்டோஸ் 11ஐப் புகுத்த முடியும். ‘ரூபஸ்’ என்ற இலவச மென்பொருளால் பென்டிரைவ் தயாரிக்கும்போது, மேற்சொன்ன சோதனைகளை நீக்கிவிடலாம். கடைக்காரர் செய்வதும் பெரும்பாலும் இதைத்தான். இது பொய்யல்ல; வேலை செய்யும். ஆனால் இத்தகைய கணனிகளுக்குத் திருத்தங்கள் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை என்று மைக்ரோசொப்ட் எழுத்திலேயே சொல்லியிருக்கிறது. மாதாந்தத் திருத்தங்கள் பொதுவாக வருகின்றன. ஆண்டுதோறும் வரும் பெரிய பதிப்பு தானாக வராது. வீட்டுப் பாவனைக்கான ஒவ்வொரு பதிப்புக்கும் பராமரிப்பு இரண்டே ஆண்டுகள் என்பதால், அதற்குள் மீண்டும் பென்டிரைவ் தயாரித்து ஏற்ற வேண்டும். மீண்டும் கடை, மீண்டும் பணம்.

2024இல் வெளிவந்த ‘24எச்2’ என்ற பதிப்பிலிருந்து இன்னொரு தடையும் உண்டு. பழைய ‘கோர் 2 டூவோ’ மூளைச்சில்லுகளுக்குத் தெரியாத ஒரு கட்டளை அதற்கு அவசியம். அவற்றில் அது தொடங்கவே தொடங்காது. எந்தக் குறுக்கு வழியும் உதவாது. அப்படியான கணனிக்கு யாராவது விண்டோஸ் 11 போட்டுத் தந்திருந்தால், அது ஏற்கெனவே பராமரிப்பு முடிந்த பழைய பதிப்பாகவே இருக்கும்.

நல்ல கணனி அறிவுள்ள பிள்ளை வீட்டிலேயே இருந்தால் குறுக்கு வழியைக் குறை சொல்ல மாட்டோம். பலர் பகிர்ந்து பாவிக்கும் கணனிக்கு அதை நாம் பரிந்துரைப்பதில்லை.

லினக்ஸ் என்னும் மாற்றுவழி

1991இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கிவைத்தது லினக்ஸ். உலகெங்கும் உள்ளவர்கள் சேர்ந்து வளர்த்து இலவசமாகப் பகிரும் முறைமை அது. யாருக்கும் கட்டணமில்லை; திருட்டுப் பிரதி என்ற பேச்சுக்கும் இடமில்லை. எமது நாட்டுக்கு இந்தக் கூட்டுழைப்பு புதிதல்ல. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின் பின், காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவதற்கு இலங்கைக் கணனித் துறையினர் தொண்டர்களாகச் சேர்ந்து ‘சஹானா’ என்ற மென்பொருளைச் சில வாரங்களில் எழுதினார்கள். அதையும் உலகுக்கு இலவசமாகவே கொடுத்தார்கள். 2010இல் ஹெயிட்டி நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது. கேரள மாநிலத்து அரச பாடசாலைகளோ பல ஆண்டுகளாக லினக்ஸிலேயே கணனிப் பாடம் நடத்திவருகின்றன.

லினக்ஸில் பல வகைகள் உண்டு. விண்டோஸ் பழகியவருக்கு ‘லினக்ஸ் மின்ட்’ இலகுவாகக் கைவரும். அதிலும் பழைய கணனிக்கு ‘எக்ஸ்.எப்.சி.ஈ.’ என்ற பதிப்பு ஏற்றது. இரண்டு கிகாபைற் நினைவகத்தில் நகரும். நான்கு இருந்தால் நன்றாக ஓடும். 2024இல் வெளிவந்த மின்ட் 22க்கு 2029 ஏப்ரல் வரை பராமரிப்பு உண்டு. டி.பி.எம். சில்லு எதையும் அது கேட்பதில்லை.

இதில் எமக்கு மிகவும் பிடித்த விடயம், ஏற்றாமலே பரீட்சித்துப் பார்க்கலாம் என்பதுதான். சுமார் மூன்று கிகாபைற் அளவான கோப்பை யாராவது ஒருவர் நகரத்தில் ஒருமுறை இறக்கி, எட்டுக் கிகாபைற் பென்டிரைவில் எழுதிக் கொடுத்தால் போதும். அந்த ஒரு பென்டிரைவ் எத்தனை கணனிக்கும் உதவும். அதைச் செருகி, கணனியை இயக்கிய உடனே டெல் அல்லது லெனோவோ என்றால் எப்12 விசையையும், எச்.பி. என்றால் எப்9 விசையையும் தட்டிக்கொண்டிருந்தால் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும். பென்டிரைவைத் தெரிவு செய்யுங்கள். வன்தட்டில் உள்ள எதையும் தொடாமல் மின்ட் திரையில் வரும். சத்தம் கேட்கிறதா, இணையம் கிடைக்கிறதா, அச்சுப்பொறி இயங்குகிறதா என்று ஆறுதலாகப் பாருங்கள். சில அச்சுப்பொறிகள் லினக்ஸுக்கு ஒத்துவராது. அதை முன்கூட்டியே அறிவது நல்லது.

குறைகளும் உண்டு. ‘வேர்ட்’ இராது, அதற்குப் பதில் ‘லிப்ரே ஒபிஸ்’ இருக்கும், வேர்ட் கோப்புகளைத் திறக்கும், சில வேளை பக்க அமைப்பு கலையும். ‘போட்டோஷொப்’ இயங்காது. திரையைத் தமிழில் மாற்றலாம், ஆனால் மொழிபெயர்ப்பு முழுமையில்லை. பாடசாலையில் படிக்கும் பெயர்களே பிள்ளைகளுக்குப் பழக்கம் என்பதால் ஆங்கிலத்தில் விடுவதே எமது விருப்பம். தமிழ் தட்டச்சுக்கு ரெங்கநாதன் விசைப்பலகை, தமிழ்99, ஒலிப்பு முறை மூன்றையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அழிப்பதற்கு முன்

வன்தட்டை அழித்து லினக்ஸ் ஏற்றினால் பழையவை திரும்பி வரா. சொந்தக் கணனியென்றால் படங்கள், கடிதங்கள் அனைத்தையும் இரண்டு இடங்களில் பிரதி எடுங்கள். ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். வெள்ளத்துக்குப் பின் இதற்கு விளக்கம் தேவையில்லை. பலரும் மறப்பது எழுத்துருவை. எமது பகுதிகளில் பழைய கடிதங்களும் சங்கக் கணக்குகளும் ‘பாமினி’ எழுத்துருவில்தான் கிடக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணனியில் அவை புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். விண்டோஸின் ‘பொன்ட்ஸ்’ கோப்புறையிலிருந்து பாமினியையும் பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டால், புதிய முறைமையிலும் அதைச் சேர்த்து வாசிக்கலாம்.

பெட்டிக்குள்ளே

முறைமையை மாற்றினால் மட்டும் கணனி வேகமாகிவிடாது. சுழலும் பழைய வன்தட்டைக் கழற்றி, ‘எஸ்.எஸ்.டி.’ எனப்படும் அசையாத் தட்டைப் போடுவதே செலவுக்கு மிகுந்த பலன் தரும். 120 அல்லது 240 கிகாபைற் போதும். கடைக்குக் கொடுக்கவிருந்த பணத்தை இதற்குக் கொடுங்கள் என்போம். கோர் 2 டூவோவுக்கு முந்திய கணனியாயின் ஒரு சதமும் செலவிட வேண்டாம். மின்ட் தானாக ஓடினால் ஓடட்டும்.

திகதி அடிக்கடி பழைய ஆண்டொன்றுக்குப் போய், திறக்கும் தளமெல்லாம் ‘பாதுகாப்பற்றது’ என்று எச்சரித்தால் வைரஸ் என்று பயப்பட வேண்டாம். உள்ளே நாணயம் போன்ற ‘சி.ஆர்.2032’ மின்கலம் செத்திருக்கும். கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும்.

சேற்று நீர் புகுந்த கணனிக்கு மின்சாரம் கொடுக்கவே கூடாது. அந்த மின்கலத்தைக் கழற்றி, பெட்டியைத் திறந்து, பல நாட்கள் உலரவிட்ட பிறகு தெரிந்தவர் ஒருவரிடம் காட்டுங்கள். லயக் காம்பராக்களில் பூமிக்கம்பி இணைப்பு ஒழுங்காக இராவிட்டால் உலோகப் பெட்டியைத் தொடும்போது சுரீரென்று அடிக்கும். அப்படி அடித்தால் மின்னியலாளர் வந்து பார்க்கும்வரை பாவிக்காதீர்கள். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் மாலை இடி தொடங்கு முன்பே மின்செருகியையும் இணையக் கம்பியையும் கழற்றிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது.

பல குடும்பங்கள் பாவிக்கும் கணனியில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிக் கணக்கும் தனிக் கடவுச்சொல்லும் வைக்கலாம். மின்டில் இது இரண்டு நிமிட வேலை. வங்கிக் கடவுச்சொல்லை நினைவில் வைக்கவா என்று உலாவி கேட்டால், வேண்டாம் என்றே சொல்லுங்கள். எழும்பிப் போகுமுன் ‘லொக் அவுட்’ செய்யும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுங்கள்.