சிக்ளிட் மீன்களில் ஆண் பெண் அறிதல்

கோலார் மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் நீர் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. மழை நீரைத் தேக்கும் ஏரிகளே அம்மாவட்டத்தின் உயிர்நாடி. தங்கச் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டில் மூடப்பட்டன. அவை நடைபெற்று வந்த காலத்தில், பாலாற்றின் போக்கில் அமைந்த பேத்தமங்கலா ஏரியே தங்கவயல் மக்களுக்குக் குடிநீர் அளித்து வந்தது. இத்தகைய ஏரிகளில் தூண்டில் போடும் சிறுவர் கையில் இன்று எளிதில் அகப்படும் மீன்களுள் ஒன்று, 'ஜிலேபி' என்று தமிழ் மக்கள் வழங்கும் திலேப்பியா. அதன் குஞ்சுகள் நான்கைந்தைத் தகர டப்பாவில் கொண்டுவந்து, கண்ணாடித் தொட்டியில் விட்டு வளர்க்கும் மாணவன் சில வாரங்களுக்குள் ஆசிரியரிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: இவற்றில் ஆண் எது, பெண் எது?

கேள்வி சிறியதே. ஆயினும் அதற்குரிய விடை, வீட்டுத் தொட்டியோடு நில்லாமல் ஊர் ஏரி வரையில் செல்லுகிறது.

சிக்ளிட் குடும்பம்

திலேப்பியா, சிக்ளிட் என்னும் பெருங் குடும்பத்தைச் சேர்ந்தது. இக்குடும்ப மீன்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் வாழ்கின்றன. இந்தியாவுக்கு இயற்கையில் உரியவை மூன்றே. கேரளத்தில் பெயர்பெற்ற கறிமீன் ஒன்று. மலையாளத்தில் பள்ளத்தி எனப்படும் மஞ்சள் நிறச் சிறு மீன் மற்றொன்று. தென் கன்னடப் பகுதியின் ஆறுகளில் வாழும், கறிமீனுக்கு நெருங்கிய இனம் மூன்றாவது. முட்டையையும் குஞ்சையும் பேணிக் காத்தல் இக்குடும்பத்தின் சிறப்பியல்பு ஆகும்.

ஜிலேபி வெளிநாட்டிலிருந்து வந்தது. ஆப்பிரிக்காவின் தென்கிழக்குப் பகுதிக்குரிய இம்மீன், 1930-களின் இறுதியில் ஜாவாத் தீவில் காணப்பட்டு, அங்கிருந்து ஆசிய நாடுகளில் பரவியது. 1952-ஆம் ஆண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. மலிவான உணவு மீன் கிடைக்கும் என்பதே அன்றைய நம்பிக்கை. எனினும் ஏழே ஆண்டுகளில், 1959-ல், இதனைப் பரப்புதல் கூடாது என்று தடை விதிக்கும் நிலை ஏற்பட்டது. காரணம், இதன் அளவற்ற இனப்பெருக்கமே.

வெளித் தோற்றத்தில் காணும் அடையாளங்கள்

இனப்பெருக்கப் பருவத்தில் ஆண் ஜிலேபியின் உடல் கருமை அடைகிறது. தொண்டையும் தலையின் அடிப்பகுதியும் வெளுத்துத் தோன்றும்; முதுகுத் துடுப்பின் விளிம்பும் வால் துடுப்பின் விளிம்பும் சிவக்கும். வயது முதிர்ந்த ஆணின் வாய் அகன்று, உதடு தடித்து, முகத்தின் மேற்கோடு உட்குழிந்து காணப்படும். முதுகுத் துடுப்பும் குதத் துடுப்பும் பின்புறம் கூர்மையாக நீண்டிருக்கும். பெண்ணோ சாம்பல் கலந்த வெள்ளி நிறத்துடன் இருக்கும். அதன் பக்கங்களில் சில கரும் புள்ளிகளைக் காணலாம்.

நடத்தையும் துணை செய்யும். ஆண், தொட்டியின் அடியிலுள்ள மணலை வாயால் அள்ளி வட்டமான குழி தோண்டிக் காவல் காக்கிறது. அக்குழியில் இட்ட முட்டைகளைப் பெண் உடனே வாயில் எடுத்துக்கொள்கிறது. முட்டை பொரிப்பதும் குஞ்சு வளர்வதும் அவ்வாய்க்குள்ளேயே நிகழ்கின்றன. தொண்டை புடைத்து, இரை உண்ண மறுத்து, மூலையில் ஒதுங்கி நிற்கும் மீன் அடைகாக்கும் தாய் என்று அறியலாம்.

ஆனால் நிறத்தை மட்டும் நம்புதல் தவறு. ஒரு தொட்டியில் மூன்று ஆண்கள் இருப்பின், வலிமை மிக்க ஒன்றே கருநிறம் கொள்ளும். அதற்கு அஞ்சி அடங்கிய மற்ற இரண்டும் பெண்ணைப் போல் வெளிறியே இருக்கும். வல்ல ஆணை அகற்றினால், முன்பு 'பெண்' எனக் கருதப்பட்ட மீன் சில நாட்களில் கருத்துவிடுதலைக் காணலாம். வகுப்பில் செய்து காட்டத் தக்க நல்லதொரு பாடம் இது.

ஐயமற்ற முறை

ஐயமின்றி அறிய, மீனின் அடிப்புறத்தைச் சோதித்தல் வேண்டும். எட்டு அல்லது பத்து சென்டிமீட்டர் வளர்ந்த மீனே இதற்கு ஏற்றது. கையை நீரில் நனைத்துக்கொண்டு, ஈரத் துணியில் மீனை மல்லாத்திப் பிடிக்க வேண்டும். மலத்துளைக்குப் பின்னால் சிறு சதைமுனை ஒன்று தெரியும். ஆணுக்கு அதன் நுனியில் ஒரே துளை; சிறுநீரும் விந்தும் அதன் வழியே வெளிப்படும். பெண்ணுக்கோ அச்சதைமுனையில் இரண்டு துளைகள் உண்டு: நுனியில் மிக நுண்ணிய சிறுநீர்த் துளை, நடுவில், முட்டை வெளிப்படும் குறுக்குப் பிளவு. எனவே மலத்துளையையும் சேர்த்து எண்ணினால் ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு மூன்று என்று நினைவில் கொள்ளலாம்.

பிளவு கண்ணுக்குத் தெளிவாகப் புலப்படாவிடில், பஞ்சில் தோய்த்த மெதிலீன் நீலத்தை அவ்விடத்தில் தடவலாம். சாயம் பிளவில் தங்கிக் கோடு போல் தெரியும். உருப்பெருக்குக் கண்ணாடி ஒன்று இருப்பின் மேலும் நலம். அரை நிமிடத்திற்கு மேல் மீனை நீருக்கு வெளியே வைத்தலாகாது. தொண்டை புடைத்த தாய் மீனைத் தொடுதலும் கூடாது. அச்சத்தில் முட்டைகளை உமிழ்ந்துவிடும்.

கறிமீனும் பள்ளத்தியும் இவ்வாறு எளிதில் பிடிபடுவதில்லை. அவற்றில் ஆணும் பெண்ணும் ஒத்த நிறத்தன. இரண்டும் சேர்ந்தே குஞ்சுகளைக் காக்கின்றன. முட்டையிடும் நாட்களில் மட்டும் பெண்ணின் சதைமுனை அகன்று மழுங்கியும், ஆணின் சதைமுனை மெலிந்து கூர்ந்தும் காணும். இளம் மீன்கள் ஆறு அல்லது எட்டை ஒன்றாக வளர்த்து, அவை தாமே இணை சேரும் வரை காத்திருத்தலே சிறந்த வழி.

அறிவதால் விளையும் பயன்

பெண் ஜிலேபி உண்ணத்தக்க அளவு பருக்கும் முன்பே, சில மாத வயதிலேயே, முட்டையிடத் தொடங்குகிறது. ஆண்டில் பல முறை குஞ்சு பொரிக்கிறது. அதனால் குளம் நெருக்கமுற்று, இரை போதாமல், எல்லா மீன்களும் விரலளவில் குன்றிவிடுகின்றன. அடைகாக்கும் பெண் உண்பதில்லையாகையால் ஆணே விரைவில் வளர்கிறது. இதனை உணர்ந்த மீன் வளர்ப்போர் ஆண்களை மட்டும் பிரித்து வளர்க்க முயன்றனர். மலாக்காவில் ஆராய்ச்சி நடத்திய ஹிக்லிங் என்னும் விஞ்ஞானி, இருவகைத் திலேப்பியாவைக் கலப்புச் செய்து முற்றிலும் ஆண் குஞ்சுகளே பிறப்பதை 1960-ல் வெளியிட்டார். ஆண்களை மட்டும் வளர்த்தல் என்னும் கருத்து இன்றைய பண்ணைத் திலேப்பியா வளர்ப்பிலும் பெரிதும் கையாளப்படுகிறது.

வீட்டுத் தொட்டிக்கும் இதே நியதி பொருந்தும். ஆண்களை மட்டுமோ பெண்களை மட்டுமோ வைத்துக்கொண்டால் தொட்டி நிரம்பி வழியாது. குஞ்சு வேண்டுவோர் பெரிய தொட்டியில் ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண்களை வைத்தல் நலம். ஒரே பெண் இருப்பின் ஆண் அதனை ஓயாது துரத்தி வருத்தும்.

இவற்றினும் முக்கியமானது ஒன்று உண்டு. கோடை விடுமுறையில் தொட்டியைக் காலி செய்யும் மாணவன், இரக்கத்தால் மீனை ஏரியில் விடுகிறான். அவன் விட்டது ஒரு மீன் என்று எண்ணுகிறான். அது தொண்டை புடைத்த பெண்ணாயின், நூற்றுக்கணக்கான குஞ்சுகளையும் உடன் விட்டவனாகிறான். கோலார் ஏரிகள் பஞ்ச காலத்தில் வறண்டு, பின்னர் நிறைபவை. பெங்களூரில் சுத்திகரிக்கப்பட்ட நீர் 2018 முதல் அம்மாவட்ட ஏரிகள் பலவற்றிற்குக் கொண்டுவரப்படுகிறது. புதிதாக நிறைந்த ஏரியில் கட்லா, ரோகு, மிருகால் குஞ்சுகளை வாங்கி விடும் கிராமத்தாரின் உழைப்பு, அழையாத இவ்விருந்தாளியின் பெருக்கத்தால் வீணாதல் கூடும்.

ஆகவே, வேண்டாத மீன்களை வேறு தொட்டி வைத்திருப்போருக்குக் கொடுக்கலாம். பருத்தவற்றை உணவாகக் கொள்ளலாம். நீர்நிலையில் விடுதல் மட்டும் ஆகாது. ஏரிக்கரையில் மீனவரோடு பழகும் களப் பணியாளரும், வகுப்பறையில் கண்ணாடித் தொட்டி வைத்துள்ள ஆசிரியரும் இதனை எடுத்துரைப்பாராயின், இரண்டு துளையா மூன்று துளையா என்று எண்ணக் கற்ற சிறுவன், தன் ஊர் ஏரியைக் காக்கவும் கற்றவனாவான்.