காணொலியில் நகர்மன்றக் கூட்டம்: உறுப்பினர் தூரத்தில் இருக்கலாம், மக்கள்?

மடவார் வளாகம் வட்டாரத்தில் நம் வீடுகளில் திருமணப் பேச்சு என்றால், சவூதியில் வேலை பார்க்கும் மாமாவும் கைபேசித் திரையில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். சம்மதம் சொல்கிறார், தேவைப்பட்டால் மறுப்பும் சொல்கிறார். யாரும் அதைக் குறையாக எண்ணுவதில்லை. அப்படியானால், ஸ்ரீவில்லிபுத்தூர் அல்லது ராஜபாளையம் நகர்மன்ற உறுப்பினர் ஒருவர், நேரில் வர இயலாத நாளில் காணொலி வழியாகக் கூட்டத்தில் கலந்துகொண்டால் என்ன?

நியாயமான கேள்விதான். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், இயக்குநர்கள் காணொலி வழியாகக் கூட்டத்தில் பங்கேற்க ஏற்கெனவே அனுமதிக்கிறது. கொரோனா காலத்தில் நீதிமன்றங்களே காணொலியில் வழக்குகளை விசாரித்தன. 2020-ல் மகாராஷ்டிராவில் மாநகராட்சிக் கூட்டங்கள் காணொலியில் நடந்தன. நம் மாநிலத்திலோ அந்த ஆண்டு அக்டோபர் 2 கிராம சபைக் கூட்டம் ரத்து செய்யப்பட்டது.

உள்ளாட்சிச் சட்டங்கள், உறுப்பினர்கள் ஓரிடத்தில் நேரில் கூடுவதை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை. இங்கிலாந்திலும் இதே சிக்கல் எழுந்தது. தொற்றுக் காலத்தில் அங்கே இணையவழிக் கூட்டங்களுக்குத் தற்காலிக அனுமதி இருந்தது. அது முடியும் தறுவாயில், 2021 ஏப்ரல் 28 அன்று உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு அளித்தது. 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி கூட்டம் என்றால் நேரில் கூடுவதுதான், அதை மாற்ற வேண்டுமானால் புதிய சட்டம் தேவை என்பது அதன் சாரம். வேல்ஸ் பகுதி அவ்வாறே சட்டம் இயற்றிக்கொண்டது.

யாருக்கு இது தேவை?

தமிழக உள்ளாட்சிகளில் பெண்களுக்கான இடஒதுக்கீடு 2016-ல் 50 சதவீதமாக உயர்ந்தது. பிரசவித்த பெண், படுக்கையில் கிடக்கும் தாயைக் கவனிக்கும் மகள், மாற்றுத்திறனாளி ஆகியோர் மன்றத்துக்கு வர முடியாத நாட்கள் உண்டு. நம் சமுதாயத்துப் பெண் உறுப்பினர் கணவரை இழந்தால் 4 மாதம் 10 நாள் இத்தா. அந்நாட்களில் அவசியத் தேவையின்றி அவர் வெளியே செல்வதில்லை. ஆனால் தொடர்ந்து கூட்டங்களுக்கு வராத உறுப்பினரின் பதவி பறிபோகவும் உள்ளாட்சிச் சட்டங்களில் இடமுண்டு. உறுப்பினர் பேசாவிட்டால் அந்த வார்டின் குடிநீரும் சாக்கடையும் தெருவிளக்கும் பேசப்படாமலே போகும்.

எங்கே கவனம் வேண்டும்?

வசதி என்று சொல்லி, மக்கள் பார்க்கக்கூடிய கூட்டத்தை மூடிய அறைக்குள் கொண்டுபோய்விடக் கூடாது. உறுப்பினர்கள் அத்தனை பேரும் ஆளுக்கொரு வீட்டிலிருந்து பேசினால், மனுவோடு வரும் பொதுமக்கள் யார் முகத்தைப் பார்ப்பது? எதிர்த்துப் பேசுபவரின் ஒலியை ஒரு பொத்தானில் நிறுத்திவிட்டால் கேட்பது யார்?

இன்னொரு ஆபத்தும் உண்டு. மனைவி பெயரில் பதவி, கணவர் கையில் நிர்வாகம் என்ற நிலை நம் நாட்டில் பல ஊர்களில் இருக்கிறது. மன்றத்திலாவது அந்தப் பெண்ணே எழுந்து பேச வேண்டும். திரைக்குப் பின்னால் அருகில் அமர்ந்து சொல்லிக்கொடுப்பவர் யார் என்று எப்படித் தெரியும்?

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2022-ல் இயற்றிய சட்டத் திருத்தம் இவற்றை யோசித்திருக்கிறது. அதன்படி, கூட்டத்துக்குத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர்கள் மக்கள் வரக்கூடிய ஓரிடத்தில் நேரில் இருக்க வேண்டும். தொலைவில் இருப்பவர் தகுந்த காரணம் சொல்ல வேண்டும். அவர் அறையில் 18 வயது நிரம்பிய வேறு எவரேனும் இருந்தால், அவர் தமக்கு என்ன உறவு என்பதையும் தெரிவிக்க வேண்டும். மக்கள் பார்க்கும் இணைப்பு அறுந்துவிட்டால், அது சரியாகும் வரை எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

இவை நமக்கும் பொருந்தும். ஆனால் கிராம சபை வேறு. அங்கே வாக்காளர்களான நாம் அனைவருமே உறுப்பினர்கள். ஊராட்சியின் மக்கள்தொகையைப் பொறுத்து 50 முதல் 300 பேர் வரை கூடினால்தான் அது செல்லும். கைபேசி இல்லாத மூதாட்டிக்கும் அங்கே எழுந்து கேள்வி கேட்கும் உரிமை உண்டு. அந்தக் கூட்டத்தைத் திரைக்கு மாற்றினால் அவர் குரல்தான் முதலில் விடுபடும். வேலை நேரத்தால் வர முடியாத ராஜபாளையம் பக்கத்து மில் தொழிலாளி வீட்டில் இருந்து பார்க்க நேரலை இருக்கட்டும். அது கூடுதல் வசதியாக மட்டும் இருக்கட்டும்.

நகரங்களில் 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. அடுத்த கூட்டத்துக்கு நாம் குடும்பத்தோடு செல்வோம். நகர்மன்றக் கூட்டத்தை நேரலையில் காட்டுங்கள் என்றும், தகுந்த காரணமுள்ள உறுப்பினர் காணொலியில் பங்கேற்கச் சட்டத்தில் இடம் தரும்படி அரசுக்குத் தீர்மானம் அனுப்புங்கள் என்றும் கேட்போம். கூட்டம் நடக்கும் அறையின் கதவும் நமக்காகத் திறந்தே இருக்க வேண்டும் என்பதையும் மறக்காமல் சொல்வோம்.