பூஜ்ஜியம் கொடுத்தால் என்ன ஆகும்?

12,09,600. பைதான் மொழியில் இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோ பிரேம்வொர்க்கின் செட்டிங்ஸ் பட்டியலில் உள்ள எண் இது. பயனரின் செஷன் குக்கி எத்தனை காலம் செல்லும் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. வெறும் எண்ணாகப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. ஜாங்கோவின் ஆவணமோ பக்கத்திலேயே ‘2 வாரம், வினாடிகளில்’ என்று சொல்லிவிடுகிறது.

பல மென்பொருள் ஆவணங்களில் அந்த அலகு இருப்பதில்லை. ‘டைம்அவுட்: டைம்அவுட்டை நிர்ணயிக்கும்’ என்பதோடு விளக்கம் முடிந்துவிடும். ஜாவாஸ்கிரிப்டில் பழகியவர் மில்லிவினாடிக் கணக்கில், அரை நிமிடம் என்று எண்ணி 30,000 கொடுப்பார். மென்பொருள் அதை வினாடியாக எடுத்துக்கொண்டால் 8 மணி 20 நிமிடம் காத்துக் கிடக்கும். கணினிக்கு அது முறையான எண்தான் என்பதால் பிழைச் செய்தியும் வராது.

அலகைவிடச் சிக்கலானது பூஜ்ஜியம். என்ஜின்எக்ஸ் சர்வரில் பயனர் அனுப்பும் தரவுக்கு இயல்பான உச்சவரம்பு 1 மெகாபைட். அங்கே 0 என்று எழுதினால் வரம்பே கிடையாது. அதே சர்வரில், இணைப்பை எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்ற இடத்தில் 0 கொடுத்தால், திறந்தே வைக்காது. ஒரே மென்பொருளில் ஒரே இலக்கத்துக்கு எதிரெதிர் விளைவு. இதை ஊகித்து அறிய முடியாது. ஆவணம்தான் சொல்ல வேண்டும்.

செட்டிங்குகள் ஒன்றையொன்று பாதிப்பதும் உண்டு. ஜாங்கோவின் ‘டீபக்’, தவறு நேர்ந்தால் நிரலின் உள்விவரங்களைத் திரையில் காட்டும். அதன் இயல்பு மதிப்பு ‘இல்லை’. ஆனால் புதிய புராஜெக்டுக்குத் தானாக உருவாகும் கோப்பில் ‘ஆம்’ என்று இருக்கும். அது ‘ஆம்’ என்று இருக்கும்வரை, தளம் எந்தப் பெயர்களில் இயங்கலாம் என்று சொல்லும் ‘அலவ்ட் ஹோஸ்ட்ஸ்’ பட்டியல் காலியாக இருந்தாலும் சொந்தக் கணினியில் எல்லாம் ஓடும். டீபக்கை அணைத்ததும் அதே காலிப் பட்டியல் எல்லாக் கோரிக்கைகளையும் மறுத்துவிடும். அணைக்காமல் வெளியிட்டாலோ உள்விவரங்கள் அந்நியர் கண்ணில் படும். ஆகவே ஒன்றின் விளக்கம் மற்றதையும் சுட்டியாக வேண்டும்.

ஒரு செட்டிங்கைத் தொடாமல் விட்டால் என்ன நடக்கும், எந்த அலகு, பூஜ்ஜியமும் காலியும் எதைக் குறிக்கும், வேறு எதோடு பிணைந்தது: ஒவ்வொரு விளக்கமும் இந்த நான்குக்கும் பதில் சொல்ல வேண்டும். ஜாவாவின் ஸ்பிரிங் பூட், நிரலுக்குள் எழுதிய குறிப்புகளிலிருந்தே செட்டிங் விவரங்களைத் தொகுக்கும் கருவியைத் தருகிறது. ஆனால் எழுதியதைத்தான் கருவி தொகுக்கும். நிரலை எழுதும் நாளில் இந்த நான்கு விடைகளும் எழுதுபவருக்குத் தெரியும். அன்றே எழுதி வைப்பதுதான் பின்னால் வருவோருக்குச் செய்யும் பெரிய உதவி.